பொருள்: 'பூட்ஸ்ட்ராப்' – வித்தா, தற்கட்டா? (வெள்ளிக்குள் தேவை)

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். வகுப்புக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது; 'பூட்ஸ்ட்ராப்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி நிற்கிறேன். ஜிசிசி ஒரு தொகுப்பான்; அதாவது, நாம் எழுதும் மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் நிரல். அதையே அதன் மூலநிரலிலிருந்து கட்டும்போது, கணினியில் ஏற்கெனவே உள்ள தொகுப்பான் முதற்கட்டத்தைக் கட்டுகிறது. அது இரண்டாவதை, இரண்டாவது மூன்றாவதை. கடைசி இரண்டும் ஒத்திருக்க வேண்டும். எங்கள் 4 ஜிபி கணினியில் நினைவகம் போதாமல் முதலில் நடுவழியில் நின்றது. ஒரே நேரத்தில் நான்கு வேலை கொடுத்ததை ஒன்றாக்கினேன். விடியும்வரை ஓடி, ஒப்பீட்டில் விழுந்தது. முந்தைய முயற்சியின் மிச்சக் கோப்புகள் அதே அடைவில் கிடந்திருக்கின்றன. வெற்று அடைவில் கட்டியதும் சரியாயிற்று. ஆனால் பிள்ளைகள் கேட்டது, "திரையில் வந்த பூட்ஸ்ட்ராப் என்றால் என்ன ரீச்சர்?" பழையதைக்கொண்டு புதியதைக் கட்டும் இந்தச் செயலை 'வித்துக்கட்டு' என்றும் பழைய தொகுப்பானை 'வித்துத் தொகுப்பான்' என்றும் எழுதலாமா?

வவுனியாவிலிருந்து:
'தற்கட்டு' போதும் அக்கா. எழுமாற்று எண்களை உருவாக்கத் தொடக்கமாகக் கொடுக்கும் எண்ணுக்கு ஏற்கெனவே 'விதை' என்ற பெயர் இருக்கிறது, பிள்ளைகள் குழம்புவார்கள்.

முல்லைத்தீவிலிருந்து:
தற்கட்டு பிழை. எதுவும் தன்னைத்தானே கட்டவில்லை, முன்னொன்று வேண்டும். 'கோ' என்ற நிரல்மொழியின் தொகுப்பான் 2015இல் 1.5 பதிப்பில் அந்த மொழியிலேயே எழுதப்பட்டது. அதைக் கட்ட முந்தைய 1.4 பதிப்பு தேவைப்பட்டது. காலபோகத்துக்கு எடுத்துவைக்கும் நெல் அது. ஆனால் 'வித்துத் தொகுப்பான்' என்பதை வித்துகளைத் தொகுப்பவன் என்று படிக்கவும் இடமுண்டு. 'விதைதொகுப்பான்' என்க. விதைநெல் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. நாயன்மாருள் ஒருவரான இளையான்குடி மாறனார் விதைத்த முளைநெல்லை மழையிரவில் வாரிவந்து அடியவருக்கு அமுதாக்கினார். அது அவருடைய அன்பு. நமக்கோ விதை கையில் இருக்க வேண்டும். பழைய தொகுப்பானை அழித்தவர் புதியதைக் கட்ட முடியாது.

வவுனியாவிலிருந்து:
ஐயா, ஒற்றில்லாத சொல்லை அச்சகத்தில் பிழையென்று திருத்திவிடுவார்கள். மேலும் பிள்ளைகள் இணையத்தில் தேடப்போவது 'பூட்ஸ்ட்ராப்' என்றுதான்.

இரணைமடுவிலிருந்து:
நான் வித்துப் பக்கம். விதைநெல்லில் கலப்பிருந்தால் அடுத்த போகத்திலும் அது முளைக்கும். தொகுப்பானில் ஒளித்த கள்ளநிரல், மூலநிரலில் தடமே இல்லாமல் அடுத்த தொகுப்பானுக்கும் தொற்றும் என்று யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன் 1984இல் விளக்கினார். ரீச்சர் சொன்ன ஒப்பீடும் அதைப் பிடிக்காது; இரண்டும் ஒரேபோலக் கெட்டிருக்கும். 'தற்கட்டு' இந்த ஆபத்தை மறைக்கிறது.

கிளிநொச்சியிலிருந்து:
'வித்துக்கட்டு', 'வித்துத் தொகுப்பான்' என்றே அனுப்பிவிட்டேன். வன்றொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகுந்தே வரட்டும். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'பூட்ஸ்ட்ராப்' இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து:
அடுத்த பதிப்பிலாவது ஒற்றை எடுத்துவிடுங்கள் மகள்.