பஞ்சவன் என்றால் பாண்டியன்தானா?

வடகரையான்:
ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் பாண்டிய ஒற்றர்கள், இதில் பேச எதுவுமில்லை என்று நேற்று சேவூரான் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டை ஒருமுறையாவது முழுதாகப் படித்தாரா? கொன்ற துரோகிகள் என்று அது சொல்வது இவர்களை: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அடுத்தவன் பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசன் தரும் பட்டம். இருமுடிச்சோழன் என்று சோழன் பெயரில் எந்தப் பாண்டியன் பட்டம் கொடுப்பான்? இவர்கள் சோழ அரசின் அதிகாரிகள்!

சேவூரான்:
பஞ்சவன் என்றால் பாண்டியன். பழைய சொற்பொருள் நூலான நிகண்டைப் புரட்டுங்கள். சேவூர்ப் போரில் வென்று பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலைகொண்டவன் ஆதித்தன். பழிவாங்கத் துடித்தவர்கள் யாரென்று இன்னுமா கேட்கிறீர்கள்?

வடகரையான்:
ராஜராஜனின் தேவியார் பஞ்சவன் மாதேவி. பழையாறையில் அவருக்குப் பள்ளிப்படைக் கோயில், அதாவது நினைவுக் கோயில், எடுத்தவன் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன். அவரும் பாண்டிய ஒற்றரா? வென்றவன் தோற்றவனின் பெயரைத் தன் பட்டமாக்கிக்கொள்வது அந்தக் கால வழக்கம்.

செம்பியன் அடிமை:
பட்டத்தை விடுங்கள். ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் 985 வரை அரியணையில் இருந்தானே, துரோகிகளை என்ன செய்தான்? துரோகிகள்மீது ஆணை சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு அவனுக்குப் பின் வந்த ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக்குரியது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரே, கொலையில் உத்தமனுக்குப் பங்கு உண்டோ என்று ஐயம் கொண்டார்.

பொன்னி நேசன்:
பெரியவர் சொன்னால் தீர்ப்பாகிவிடுமா? உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜனிடம் கோயில் நிர்வாகத்தை விசாரிக்கும் உயர்ந்த பொறுப்பில் இருந்தவன். அண்ணனைக் கொன்றவனின் மகனுக்கு யார் அந்த இடத்தைக் கொடுப்பார்கள்? செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளைமீது சேற்றை வாரி வீசாதீர்கள்.

செம்பியன் அடிமை:
தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று போன மாதம் சாதித்தவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

பொன்னி நேசன்:
அதை அன்றே திருத்திக்கொண்டேன். எத்தனை முறைதான் அதையே கிளறுவீர்கள்?

வடகரையான்:
உங்கள் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு யார் யார் உடைமையைப் பறிக்கச் சொல்கிறது என்று பாருங்கள். பெண் கொடுத்த மாமன், தாயுடன் பிறந்த மாமன், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் என்று உறவு முழுவதையும் வளைக்கிறது. ஆணை போனது வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு. வீராணம் ஏரிக் கரையில், சோழ நாட்டின் நடுவில், நிலமும் வீடும் சுற்றமுமாக வாழ்ந்தவர்கள் இவர்கள். மதுரையிலிருந்து இரவோடு இரவாக வந்த ஒற்றனுக்கு இங்கே மாமன் வீடு ஏது? அண்ணன் செத்த வலியை அத்தனை ஆண்டுகள் சுமந்திருந்த ராஜராஜனின் ஆணையாகவே அந்த வரிகளைப் படிக்கிறேன். அதைப் போய் ஒற்றர் கதையாக்கிச் சிறுமைப்படுத்துகிறீர்களே!

சேவூரான்:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. சோழ அதிகாரி பாண்டியனுக்கு உழைக்க முடியாதா? பஞ்சவன் என்ற பெயரை அவன் ஏன் சுமந்தான்?

வடகரையான்:
அவன் சுமக்கவில்லை, சோழன் கொடுத்தான்! பஞ்சவன் மாதேவிக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் சொல்லிவிட்டு நிகண்டை எடுங்கள்.

சேவூரான்:
பஞ்சவன் என்றால் பாண்டியன்.