ஆண்டி முர்ரேயின் விளையாட்டு வாழ்வில் எவற்றை மைல்கற்களாகக் கொள்வது?

கேள்வி: வாசகர்வட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், மாதம் ஒருவர் தமக்குப் பிடித்த ஆளுமை ஒருவரின் வாழ்வைப் பற்றி அரை மணி நேரம் உரையாற்றுவது வழக்கம். அடுத்த மாதம் அந்தப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பிரிட்டனின் டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரேயைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

குறிப்புகள் எடுத்து முடித்துவிட்டேன். 1987 மே 15 அன்று கிளாஸ்கோவில் பிறந்து டன்பிளேன் என்ற சிற்றூரில் வளர்ந்தது, தாயார் ஜூடியிடமே ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியது, 15 வயதில் பயிற்சிக்காக பார்சிலோனா சென்றது, 2004-ல் அமெரிக்க ஓபன் இளையோர் பட்டம், 2005-ல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது, 2006-ல் சான் ஹோசேயில் லெய்டன் ஹெவிட்டை வென்று பெற்ற முதல் ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) பட்டம், பிறகு மூன்று கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் ஆகிய நான்கு பெரும் போட்டிகள்) பட்டங்கள், 41 வாரங்கள் உலகத் தரவரிசையில் முதலிடம், மொத்தம் 46 ஒற்றையர் பட்டங்கள், 2024 ஆகஸ்டில் ஓய்வு என எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆனால் சேர்த்து வாசித்தால், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும் தன்விவரக் குறிப்பைப் போல இருக்கிறதே தவிர, ஒரு மனிதர் கடந்து வந்த பாதையாகத் தெரியவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, ஜோகோவிச் 24, நடால் 22, பெடரர் 20 என்று கிராண்ட்ஸ்லாம் பட்டங்களைக் குவித்திருக்கும் காலத்தில், மூன்றே பட்டங்கள் பெற்றவரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று எவரேனும் கேட்டால் என்ன பதில் சொல்வது? இரண்டாவது, 2019-ல் இடுப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிறகு அவர் ஆடிய ஐந்தாண்டுகளுக்கு உரையில் இடம் தர வேண்டுமா, அல்லது முதலிடம் பிடித்த 2016-ஓடு நிறுத்திக்கொள்வதுதான் பொருத்தமா? தொடர்ந்து டென்னிஸ் பார்ப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: புல்தரை

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் ஐயத்துக்கான விடை, அவர் வென்ற மூன்று இறுதிப் போட்டிகளைக் காட்டிலும் தோற்ற எட்டு இறுதிப் போட்டிகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. முர்ரே மொத்தம் 11 கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளில் ஆடினார். தோற்ற எட்டில் மூன்று பெடரரிடம், ஐந்து ஜோகோவிச்சிடம்; வேறு எவரிடமும் அவர் கிராண்ட்ஸ்லாம் இறுதியில் தோற்றதே இல்லை. மூன்று என்ற எண்ணை மட்டும் தனியே எடுத்துச் சொன்னால் இந்த உண்மை மறைந்துபோகும்.

ஆகவே, பட்டங்களுக்கு முன்பாக, 2008 அமெரிக்க ஓபன் முதல் 2012 விம்பிள்டன் வரையிலான முதல் நான்கு தோல்விகளைச் சொல்லுங்கள். முதல் மூன்று இறுதிப் போட்டிகளில் அவரால் ஒரு செட்கூட எடுக்க முடியவில்லை. இந்த நிலையில்தான் 2012-ன் தொடக்கத்தில் இவான் லெண்டில் பயிற்சியாளராக வந்தார். லெண்டிலும் தமது முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் தோற்று, 1984 பிரெஞ்சு ஓபனில்தான் முதல் பட்டம் பெற்றவர். தோல்வியின் எடை என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

2012 ஜூலை 8 அன்று பெடரருக்கு எதிரான விம்பிள்டன் இறுதியில் முர்ரே முதல் செட்டை வென்றார். கிராண்ட்ஸ்லாம் இறுதியில் அவர் வென்ற முதல் செட் அதுதான். மூன்றாவது செட்டில் மழை வந்து, மைய ஆடுகளத்தின் கூரையை மூடிய பிறகு ஆட்டம் பெடரர் பக்கம் போய்விட்டது. பரிசளிப்பின்போது ஒலிவாங்கியைப் பிடித்தபடி பேச முடியாமல் முர்ரே அழுததைப் பார்த்த பலருக்கும், அதுவரை முகத்தைச் சுளித்துத் தம்மைத்தாமே திட்டிக்கொள்ளும் ஆட்டக்காரராக மட்டுமே தெரிந்தவர் அன்றுதான் நெருக்கமானவராகத் தெரிந்தார்.

நான்கே வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, அதே ஆடுகளத்தில், அதே பெடரருக்கு எதிராக ஒலிம்பிக் இறுதிப் போட்டி. முதல் செட் 2-2 என்று இருந்தபோது தொடங்கித் தொடர்ச்சியாக ஒன்பது கேம்களை முர்ரே வென்றார். முடிவு 6-2, 6-1, 6-4. இரண்டு நாட்களுக்கு முன் டெல் போட்ரோவுடன் நான்கு மணி நேரத்துக்கு மேல் அரையிறுதி ஆடிய பெடரர் களைத்திருந்தார் என்பதும் உண்மை. நேர்மையாக அதையும் சொல்லிவிடுங்கள். ஆனாலும் என் கணக்கில், முர்ரேயின் வாழ்வை இரண்டாகப் பிரிக்கும் கோடு இந்த நாள்தான். அடுத்த மாதமே நியூயார்க்கின் பலத்த காற்றில், ஜோகோவிச்சுடன் 4 மணி 54 நிமிடம் போராடி, இரண்டு செட் முன்னிலையை இழந்த பின்னும் ஐந்தாவது செட்டை 6-2 என வென்று, முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தைப் பெற்றார்.

2013 ஜூலை 7 அன்று நடந்த விம்பிள்டன் இறுதியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். பிரெட் பெர்ரிக்குப் பிறகு 77 ஆண்டுகள் கழித்து ஆடவர் ஒற்றையரில் ஒரு பிரிட்டன் வீரர் வென்றார் என்ற வரியோடு கடந்தும் போவார்கள். நீங்கள் அந்தக் கடைசி கேமைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள். இரண்டு செட்களை வென்ற முர்ரே, மூன்றாவது செட்டில் 5-4 என்ற நிலையில் சர்வீஸ் செய்கிறார். 40-0, கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்கள்; ஒன்றை வென்றாலே பட்டம். மூன்றையும் ஜோகோவிச் பறித்துக்கொள்கிறார். டியூஸ், அதாவது 40-40 என்ற சமநிலை. பிறகு மூன்று முறை பிரேக் பாயின்ட் (முர்ரேயின் சர்வீஸ் கேமைப் பறிக்கும் வாய்ப்பு) ஜோகோவிச்சின் கைக்கு வருகிறது. மூன்று முறையும் முர்ரே தப்பிக்கிறார். நான்காவது சாம்பியன்ஷிப் பாயின்ட்டில்தான் ஜோகோவிச்சின் பேக்ஹேண்ட் வலையில் விழுகிறது. அந்த கேம் கைவிட்டுப் போயிருந்தால் ஆட்டம் எங்கே போயிருக்கும் என்று சொல்லவே முடியாது.

மறுமொழி 2: ஐந்தாம்செட்

புல்தரை அவர்கள் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் விம்பிள்டனுக்குத் தரும் இடத்தில் பாதியையாவது நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையை பிரிட்டன் வென்ற 2015-க்குத் தர வேண்டும். பிரிட்டன் அணி 2010 மார்ச்சில் லிதுவேனியாவிடம் தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் துருக்கியை வென்றதால்தான் கடைசிப் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. ஐந்தே ஆண்டுகளில் அந்த நாடு கோப்பையை வென்றது என்றால் அதன் பெரும்பங்கு ஒரே வீரருடையது. 2015-ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, பெல்ஜியம் ஆகிய நான்கு அணிகளுக்கு எதிராக எட்டு ஒற்றையர் ஆட்டங்களையும், அண்ணன் ஜேமியுடன் இணைந்து மூன்று இரட்டையர் ஆட்டங்களையும் முர்ரே வென்றார். கென்ட் நகரில், பெல்ஜியம் தனக்குச் சாதகமாக உள்ளரங்கில் அமைத்த களிமண் தரையில், டேவிட் கோஃபினின் தலைக்கு மேலாகப் பந்தை உயரத் தூக்கி அடித்து அவர் வெற்றிப் புள்ளியை எடுத்ததை நான் இன்றும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. பிரிட்டனுக்கு 1936-க்குப் பிறகு கிடைத்த முதல் டேவிஸ் கோப்பை அது.

அடுத்தது முதலிடம். முர்ரே உலகின் இரண்டாவது இடத்தை முதன்முதலாக எட்டியது 2009 ஆகஸ்டில். முதலிடம் வந்தது 2016 நவம்பர் 7-ல். ஏழு ஆண்டுகளுக்கு மேலான காத்திருப்பு. தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளின் கணக்கு. ஒரு வீரர் ஒரு வாரம் அபாரமாக ஆடிவிட்டால் போதாது. ஓராண்டு முழுவதும் தவறாமல் ஆட வேண்டும். 2016 ஜூனில் பிரெஞ்சு ஓபன் இறுதியில் முர்ரேயை வென்ற ஜோகோவிச், நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்தார். அவரை அந்த ஆண்டுக்குள் ஒருவர் முந்துவார் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. ஆனால் முர்ரே விம்பிள்டனை இரண்டாவது முறையாக வென்றார். ரியோ ஒலிம்பிக்கில் டெல் போட்ரோவை வென்று தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பிறகு பெய்ஜிங், ஷாங்காய், வியன்னா, பாரிஸ், லண்டன் என்று ஐந்து போட்டிகளை அடுத்தடுத்து வென்றார். ஆண்டின் முதலிடம் யாருக்கு என்பது லண்டனில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், ஜோகோவிச்சுக்கு எதிராக, 6-3, 6-4 என்று முடிவானது. அவர் ஆடிய டென்னிஸின் உச்சம் எது என்று கேட்டால், விம்பிள்டனை விட இந்த ஐந்து மாதங்களையே நான் சொல்வேன்.

ஒரு சிறு தகவல்: ஜேமி முர்ரே அதே 2016 ஏப்ரலில் இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பெற்றிருந்தார். ஒரே வீட்டின் இரு பிள்ளைகள் ஒரே ஆண்டில் இப்படி எட்டியதைக் கேட்டால் உங்கள் வாசகர் வட்டத்தினர் மகிழ்வார்கள்.

மறுமொழி 3: இயன்முறை

நான் இயன்முறை மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் என்பதால் உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 2016-ஓடு நிறுத்தவே கூடாது.

2017 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் வாவ்ரிங்காவுடன் நான்கரை மணி நேரத்துக்கு மேல் ஆடித் தோற்ற பிறகு, முர்ரேயின் வலது இடுப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2018 ஜனவரியில் செய்த முதல் அறுவைச் சிகிச்சை வலியைத் தீர்க்கவில்லை. 2019 ஜனவரியில் மெல்போர்னில் செய்தியாளர்கள் முன் கண்ணீரோடு அமர்ந்து, காலுறை போட்டுக்கொள்வதே வலிக்கிறது என்றார். அது வெறும் பேச்சல்ல. காலுறை மாட்ட இடுப்பை நன்றாக மடக்கிச் சற்றுத் திருப்ப வேண்டும். தேய்ந்த மூட்டு முதலில் மறுப்பது அந்த அசைவைத்தான்.

2019 ஜனவரி 28 அன்று லண்டனில் அவருக்குச் செய்யப்பட்டது முழு இடுப்பு மாற்றுச் சிகிச்சை அல்ல. முழு மாற்றத்தில் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். இவருக்குத் தலைப்பகுதியை எடுக்காமல், அதன் மேற்பரப்பைச் செதுக்கி உலோகத் தொப்பி ஒன்றைப் பொருத்தி, அது அமரும் குழியிலும் உலோகக் கிண்ணம் பதித்தார்கள். எலும்பு அதிகம் காக்கப்படுவதால், இளம் வயதினருக்கும் உடலுழைப்பு மிகுந்தவர்களுக்கும் இம்முறை பரிந்துரைக்கப்படுவதுண்டு. அமெரிக்க இரட்டையர் வீரர் பாப் பிரையன் அதே சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பியிருந்தார். ஆனால் இரட்டையரில் ஒருவர் காக்க வேண்டியது ஏறக்குறையப் பாதி களம்தான். ஒற்றையரில் பக்கவாட்டில் ஓடி, ஒரு காலில் முழு எடையையும் தாங்கி, சட்டென்று நின்று, எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். உலோக இடுப்போடு ஒருவர் அதை உயர்மட்டத்தில் செய்வது பெரும்பாலோர் எதிர்பார்க்காத ஒன்று.

ஜூனில் பெலிசியானோ லோபஸுடன் லண்டன் குயின்ஸ் கிளப் இரட்டையர் பட்டம் வென்றார். அக்டோபர் 20 அன்று, சிகிச்சை முடிந்து ஒன்பது மாதங்கள்கூட ஆகாத நிலையில், ஆன்ட்வெர்ப் ஒற்றையர் இறுதியில் 3-6, 6-4, 6-4 என வென்றார். எதிரே நின்றவர் அதே வாவ்ரிங்கா. நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் நான்கு முறை பட்டம் வென்றவர் என்பதால் நம்மவர்களுக்கு நன்கு அறிமுகமானவர். வெற்றிக்குப் பிறகு முர்ரே நாற்காலியில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போட்டியின் தரத்தைப் பார்த்தால் அது 250 புள்ளிகளுக்கான சிறிய போட்டி. என்னைக் கேட்டால், அவருடைய 46 பட்டங்களில் இந்தக் கடைசிப் பட்டத்தை முதல் வரிசையில் வைப்பேன்.

வாசகர்வட்டம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இயன்முறை அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, 2016-ஓடு நிறுத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மேலும் ஒரு கேள்வி: 2014-ல் அமெலி மோரிஸ்மோவைப் பயிற்சியாளராக அமர்த்தியதை மைல்கல்லாகக் கருதலாமா? பட்டம் எதுவும் அல்லாத ஒரு முடிவை அந்த வரிசையில் சேர்ப்பது சரியா என்று தயங்குகிறேன்.

மறுமொழி 4: ஐந்தாம்செட்

தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னணி ஆடவர் ஒருவர் தம் குடும்பத்துக்கு வெளியே ஒரு பெண்ணைப் பயிற்சியாளராக ஏற்பது அன்று மிக அரிதாக இருந்தது. முர்ரே தோற்றபோதெல்லாம் பழி மோரிஸ்மோவின் மீது விழுந்ததை அவரே வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். மோரிஸ்மோ 2006-ல் ஆஸ்திரேலிய ஓபனையும் விம்பிள்டனையும் வென்றவர், உலகின் முதலிடத்தில் இருந்தவர். அவருடைய பயிற்சிக் காலத்தில்தான் முர்ரே களிமண் தரையில் முதன்முதலாகப் பட்டம் வென்றார். 2015-ல் மியூனிக், அதையடுத்து உடனே மாட்ரிட். மாட்ரிட் இறுதியில் அவர் 6-3, 6-2 என்று வீழ்த்தியது நடாலை, அதுவும் ஸ்பெயின் மண்ணில். அதுவரை களிமண் அவருக்குப் பலவீனமான தரையாகவே இருந்தது. அந்த அடித்தளம் இல்லாமல் அதே ஆண்டு கென்ட்டில் டேவிஸ் கோப்பையை வென்றிருப்பார்களா என்பதே எனக்கு ஐயம்.

இதோடு சேர்த்து ரியோவில் நடந்ததையும் சொல்லுங்கள். தங்கம் வென்றதும், ஒலிம்பிக் டென்னிஸில் இரண்டு தங்கம் பெற்ற முதல் ஆள் நீங்கள்தான் என்று தொலைக்காட்சிப் பேட்டியாளர் பாராட்டியபோது, வில்லியம்ஸ் சகோதரிகளான வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு தங்கம் வரை வென்றிருப்பதை முர்ரே அந்த இடத்திலேயே நினைவூட்டினார். ஒற்றையரில் இரண்டு தங்கம் என்பதுதான் அவருக்கு மட்டும் உரிய சாதனை. உரையில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கேட்பவர்களில் டென்னிஸ் அறிந்தவர் ஒருவர் இருந்தாலும் கவனிப்பார்.

பாரிஸ் ஒலிம்பிக்கை விட்டுவிட வேண்டாம். முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் ஒற்றையரிலிருந்து விலகி, டான் எவன்ஸுடன் இரட்டையர் மட்டும் ஆடினார். முதல் சுற்றில் ஐந்து மேட்ச் பாயின்ட்களையும் (எதிரணி வென்றால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளிகள்) இரண்டாம் சுற்றில் இரண்டையும் காப்பாற்றி வென்றார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று காலிறுதியில் அமெரிக்காவின் ஃபிரிட்ஸ், பால் இணையிடம் தோற்றதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜோகோவிச்சின் பயிற்சியாளராகச் சேர்ந்தார்; அந்தப் பணி 2025 மே வரை நீடித்தது.