அப்பாவின் டேப்லெட்டில் எத்தனை செயலி போடலாம்?

அரசலாறு
கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்கு 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கியிருக்கிறேன். 64 ஜிபி, சிம் கிடையாது, வைஃபை மட்டும். வயது 68, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்றுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய தமிழ்ப் புத்தகம் படிப்பார், பாட்டுக் கேட்பார், ஓய்வூதியர் சங்கத்துக்குக் கடிதம் எழுதுவார். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேச வேண்டும். விடுமுறைக்குப் போகும் என் பையனும் (ஏழாம் வகுப்பு) அதில் கை வைப்பான். என்னென்ன போட்டுக் கொடுக்கலாம்?

குறிஞ்சிக் கணினி
64 ஜிபி இருக்கும்போது ஏன் கஞ்சத்தனம்? மாமனாருக்கு நான் 34 செயலி போட்டுக் கொடுத்தேன். பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி, புத்தகத்துக்கு ரீட்எரா, நாலு நாளிதழ், ராசிபலனும் பஞ்சாங்கமும் சேர்ந்த நாள்காட்டி, ஸ்கேனர், க்ளீனர், பேட்டரி சேவர். எல்லாம் இலவசம். வேண்டாததைத் தொடாமல் விடப்போகிறார். ராத்திரி பத்து மணிக்கு "இது எங்கேப்பா இருக்கு" என்று போன் வருவதைவிட, இருந்துவிட்டுப் போகட்டும்.

வெற்றிலைக்கொடி
குறிஞ்சி அண்ணே, நீங்கள் சொல்கிற அந்த நாள்காட்டி ரகம்தான் என் அம்மாவைப் பாடாய்ப் படுத்தியது. தேதியைத் தள்ளினால் திரை முழுக்க விளம்பரம். அதை மூடுகிற பெருக்கல் குறி மூலையில் அரிசி மணி அளவில் இருக்கும், அதுவும் ஐந்து நொடி கழித்துத்தான் முகம் காட்டும். அம்மா அழுத்தினால் விரல் பக்கத்தில் விழும், உடனே ப்ளே ஸ்டோர் திறந்துகொள்ளும். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், யாரும் கேட்காத ஏழு செயலி உள்ளே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று அரை மணிக்கொரு தரம் மணியடித்து "உங்கள் கருவியில் 3 வைரஸ்" என்கிறது. அம்மா பயந்துபோய் டேப்லெட்டைப் பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

அப்புறம், க்ளீனரும் பேட்டரி சேவரும் எதற்கு? நினைவகத்தை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்கிறது. இவை மற்றச் செயலிகளைப் பின்னணியில் நிறுத்துகின்றன, அவை மறுபடி முதலிலிருந்து எழுகின்றன, பேட்டரி இன்னும் சீக்கிரம் இறங்குகிறது.

குறிஞ்சிக் கணினி
க்ளீனரை விட்டுத்தருகிறேன். ஆனால் விளம்பரம் இல்லாமல் எவன் இலவசமாகத் தருவான்? ஒவ்வொன்றுக்கும் காசு கட்டச் சொல்கிறீர்களா? கோடிக்கணக்கான பேர் இறக்கியதைப் பார்த்துப் போட்டால் பிரச்சினை வராது.

வெற்றிலைக்கொடி
கோடிக் கணக்கை நம்பாதீர்கள். கேம்ஸ்கேனரைப் பத்துக் கோடிப் பேருக்கு மேல் இறக்கியிருந்தார்கள். அதில் சேர்த்திருந்த விளம்பரத் தொகுதிக்குள் தீநிரல் இருப்பதை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது, ப்ளே ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள், சுத்தம் செய்த பதிப்பு பிறகு திரும்பி வந்தது. மறு வருடம் ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று, அது வேறு காரணம். ஸ்கேன் செய்வதற்கு கூகுள் டிரைவிலேயே வசதி இருக்கிறது, தனியாக எதற்கு?

விளம்பரமில்லாத இலவசத்துக்கு உங்கள் பட்டியலே சாட்சி. விஎல்சியை நடத்துவது வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. சதுரங்கத்துக்கு லீசெஸ்ஸும் அப்படித்தான். ப்ளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே விளம்பரம் உண்டு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வயதானவர்கள் கைக்குப் போகிற கருவியென்றால் அந்த ஒரு வரியைப் பார்த்தே கழித்துவிடுவேன். சேமிப்பிடம் இரண்டாம் பட்சம்.

திண்ணைப்பேச்சு
இரண்டு பேரும் செயலியிலேயே நிற்கிறீர்கள். உலாவி எதற்கு இருக்கிறது? ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டால் நாளிதழ்ப் பக்கங்கள் பளிச்சென்று திறக்கும். வேண்டிய தளங்களை முகப்புத் திரையில் குறுக்குவழியாக வையுங்கள். 11 அங்குலத் திரையில் தளம் அப்படியே கணினியில் பார்ப்பது போலத்தான் தெரிகிறது. பல செயலிகளோ போனுக்குச் செய்த சட்டையை இழுத்து மாட்டியது போல இருக்கும். மூன்று செயலிக்கு மேல் தேவையில்லை.

குறிஞ்சிக் கணினி
நெட் இல்லாத நேரத்தில்? எங்கள் ஊரில் மின்சாரம் போனால் வைஃபையும் போகிறது. அப்போது குறுக்குவழியைப் பார்த்துக்கொண்டு விசிறிக்கொள்வதா?

திண்ணைப்பேச்சு
சரி, அது நியாயம். புத்தகம், பாட்டு இரண்டையும் கருவியிலேயே வைக்க வேண்டும். கிவிக்ஸையும் சேருங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிவைத்து நெட் இல்லாமல் படிக்கலாம். மற்றதெல்லாம் உலாவியே போதும் என்பதில் மாற்றமில்லை.

தலைமையாசிரியர் (ஓய்வு)
எனக்கு 74. நாள் தவறாமல் டேப்லெட் பிடிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பிகளே, எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் படுகிற பாடு வேறு.

முதலில் புத்தகம். மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாக ஏற்றி வருகிறார்கள். அங்கே பிடிஎஃப் கோப்பை எடுத்தால் எழுத்து எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியேதான் வரும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும், இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் அதே மாதிரி நூல்கள் இபப் வடிவில் கிடைக்கின்றன. ரீட்எராவில் திறந்து எழுத்தை இரட்டிப்பாக்கினேன், வரி தானே மடிந்து திரைக்குள் நின்றது. புரை எடுத்த கண்ணுக்கு இதுதான் வரம். தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள், அவற்றில் இந்த வித்தை பலிக்காது. ஆனால் பக்கம் முழுதாகத் தெரிகிற அளவு திரை உங்கள் அப்பாவுக்கு இருக்கிறது.

இரண்டாவது, தட்டச்சு. 247 எழுத்தை விசைப்பலகையில் தேடினால் கடிதம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்து உள்ளீடு உண்டு. விரலால் எழுதினால் எழுத்தாகிவிடுகிறது. போனில் அது விளையாட்டு, டேப்லெட்டில் மெய்யாகவே எழுதலாம். "ழ" எழுதினால் எப்போதாவது "மு" என்று எடுத்துக்கொள்கிறது. என் மாணவர்கள் சிலர் எழுதியதை நானும் அப்படித்தான் படித்தேன், குற்றம் சொல்ல மாட்டேன்.

அரசலாறு
ஐயா, மிக்க நன்றி. கடிதத்துக்கு வேர்ட் போடட்டுமா?

வெற்றிலைக்கொடி
வேண்டாம். போனில் இலவசமாகத் திருத்த விடுகிற வேர்ட், 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரையில் சந்தா கேட்கும். உங்களுடையது 11. கூகுள் டாக்ஸ் போடுங்கள், நெட் இல்லாமலும் எழுதும்படி அமைப்பில் மாற்றிவையுங்கள்.

குறிஞ்சிக் கணினி
தங்கையோடு வீடியோவில் பேசுவதற்காவது நான் உதவுகிறேன். வாட்ஸ்அப்பை அப்பாவின் போன் எண்ணோடு இணைத்த கருவியாகச் சேருங்கள், டேப்லெட்டில் சிம் வேண்டாம். போனை 14 நாளுக்கு மேல் தொடாமல் வைத்தால் மட்டும் இணைப்பு அறுந்துவிடும். யுபிஐ எதையும் முயலாதீர்கள். அது சிம் இருக்கிற கருவியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பித்தான் பதிவு செய்யும்.

வெற்றிலைக்கொடி
பணம் நுழைய வழியில்லாத கருவி என்பது நல்லதுதான் அண்ணே. விளம்பரத்தைத் தவறி அழுத்தினாலும் வங்கிக் கணக்குக்குச் சேதமில்லை.

திண்ணைப்பேச்சு
பையனுக்கு?

குறிஞ்சிக் கணினி
தமிழ்நாட்டுப் பாடநூல் என்றால் திக்‌ஷா. அது பாடங்களுக்கான அரசுச் செயலி. பாடத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் குறியைக் காட்ட வேண்டும். மலிவு டேப்லெட்டின் கேமரா அதற்கு முரண்டு பிடிக்கும், ஆகவே கீழே இருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டிவிடுங்கள். படம் பார்க்க ஓடிடி போடுவதற்கு முன் வைட்வைன் நிலையையும் பாருங்கள், அது படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டு. உயர்ந்த நிலையான எல்1 இல்லாமல் தாழ்ந்த எல்3 என்று இருந்தால், திரை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகத்தான் வரும். வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவன் நான்.

அரசலாறு
ஞாயிற்றுக்கிழமை போய் அமைத்துவிட்டு வந்தேன். ரீட்எரா, விஎல்சி, வாட்ஸ்அப், டாக்ஸ், ஜிபோர்டு, கிவிக்ஸ், பையனுக்காக திக்‌ஷா, உலாவியில் இரண்டு நாளிதழ். லீசெஸ்ஸை அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார், தபால் நிலையத்தில் மதிய இடைவேளையில் ஆடியவராம், எனக்கே அன்றுதான் தெரியும். கையெழுத்தில் முதலில் எழுதியது அம்மா பெயர். சரியாக எடுத்துக்கொண்டது.

குறிஞ்சிக் கணினி
எல்லாம் சரி. பஞ்சாங்கம்?

அரசலாறு
சுவரில் தினசரி நாள்காட்டி தொங்குகிறது அண்ணே. காலையில் தாள் கிழிக்கிற வேலையை அப்பா யாருக்கும் விட்டுத்தர மாட்டார்.