1869 அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தை இங்க ஆடிக் காட்டுறது எப்படி?

உவர்மலையான்:
பாடசாலை விளையாட்டு விழாவில ஒரு காட்சி ஆட்டம் போட யோசனை. அமெரிக்காவின்ர ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் 1869 நவம்பர் 6 நியூ பிரன்ஸ்விக்கில ஆடின முதல் கல்லூரி ஆட்டம், அதே விதியில. சில பேர் அது உதைபந்தாட்டம் எண்டுறாங்க, சில பேர் அமெரிக்கன் ஃபுட்பால் எண்டுறாங்க. எது சரி? திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்தில அதே நவம்பர் 6 வைக்கலாமா?

பழைய விசில்:
தம்பி, உதைபந்துக் குடும்பம்தான். லண்டன் உதைபந்துச் சங்கத்தின்ர 1863 விதிகளை ஒட்டித்தான் ஆடினாங்க. பந்தை எறியக் கூடாது, பிடிச்சு வைச்சிருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. ஆனா கையால அடிக்கலாம். உங்கட பொடியன்கள் அதைப் பழகவே ரெண்டு நாள் போகும்.

மைதானம் 360 அடிக்கு 225 அடி, கிட்டத்தட்ட 110க்கு 68.5 மீட்டர். 105க்கு 68 கோடு போட்ட மைதானம் எண்டா ரெண்டு கோல் பக்கமும் இரண்டரை மீட்டர் தள்ளிக் கோடு போடுங்க. கோல் அகலம் நடந்து அளந்தா 8 கவடு. கவடு ஒண்டுக்கு மூண்டடி பிடிச்சா 24 அடி, இண்டைய கோலின்ர அகலமேதான். குறுக்குக் கம்பம் பற்றி விதியில பேச்சே இல்ல.

பக்கத்துக்கு 25 பேர். ரட்கர்ஸ் 2 பேரை எதிர்க் கோலுக்குக் கிட்ட விட்டது, 11 பேர் தங்கட பக்கத்தைக் காத்தாங்க, மிச்சம் 12 பேர் பந்தோடயே ஓடினாங்க. இந்தப் பிரிப்பைச் சொல்லிக் குடுக்காட்டி 50 பேரும் ஒரே குவியல்.

ரெண்டு இடத்தில குழம்பும். பவுலுக்கு ஃப்ரீ கிக் இல்ல, பந்தை நேர மேல எறிவாங்க. அதுக்குக் கீழ தலையும் தலையும் முட்டும், ஆகவே விதியில இல்லாட்டியும் மூண்டு மீட்டர் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மற்றது, பக்கக் கோட்டைத் தாண்டினா வெளிய உதைச்ச அணியே திரும்ப உள்ள உதைக்கும். நம்மட பழக்கத்துக்கு நேர் எதிர், மறு அணி பந்தை எடுக்க ஓடி வரும். நாலு ஜட்ஜ், ரெண்டு நடுவர் வேணும்.

நேரக் கணக்கு இல்ல. மொத்தம் 10 கோல் விழும் வரை ஆட்டம், ரட்கர்ஸ் 6-4.

கொட்டியாரக் காத்து:
நவம்பர் வேண்டாம். வடகீழ்ப் பருவமழை உச்சத்தில இருக்கும், சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்கே போயிடும். 50 பேர் மிதிச்சா அந்த வருசம் முழுக்க மைதானம் குண்டும் குழியும்தான். பெப்ரவரி கடைசிக்குப் பிறகு வையுங்க, பின்நேரம் நாலு மணிக்கு.

அறிவிப்பாளருக்குக் கதையும் குடுங்க. நவம்பர் 13 மறு ஆட்டம் பிரின்ஸ்டன்ல, அவங்கட விதியில. பறந்து வாற பந்தைப் பிடிச்சவருக்கே ஃப்ரீ கிக், பிரின்ஸ்டன் 8-0. 1873இல யேல், கொலம்பியா, பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் நியூ யோர்க்கில கூடி உதைபந்து வகையில பொது விதி எழுதினாங்க. ஹார்வர்ட் வரவில்ல, 1874இல கனடாவின்ர மக்கில் பல்கலைக்கழகத்தோட, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுற ரக்பி ஆடி அந்தப் பக்கம் சாஞ்சது. 1876 ஸ்பிரிங்ஃபீல்ட் கூட்டத்தோட மற்றக் கல்லூரிகளும் பின்னால போயிட்டுது. அமெரிக்கன் ஃபுட்பால் அந்த ரக்பியில இருந்து வந்தது. உதைபந்து திரும்ப வேர்விட 1905 ஏப்ரல் 1 ஹவர்ஃபர்ட் கல்லூரி ஹார்வர்டை 1-0 வெண்ட காலம் வரை போச்சு.

உவர்மலையான்:
நன்றி அண்ணாமார். மார்ச் எண்டு முடிவு. 50 பேருக்கு ஜெர்சிக்கு எங்க போறது?

பழைய விசில்:
தேவையே இல்ல. ரட்கர்ஸ் ஆக்கள் தலையில சிவப்புத் துணி கட்டித்தான் அடையாளம் காட்டினாங்க. ஒரு பக்கத்துக்கு மட்டும் கட்டுங்க, முடிச்சு பின்பக்கம் வரட்டும்.