ஏலர்ஸ்-டான்லோஸ்: காயத்துக்குத் தையல் எப்படி?

கேள்வி (கிளிநொச்சி):
7 வயதுப் பிள்ளை. தோல் இழுபடும், முழங்கை பின்னால வளையும். கிரவல் றோட்டில விழுந்தால் முழங்கால் வாய் பிளக்குது. ஆறினாலும் தழும்பு கசங்கின மெல்லிய கடதாசி மாதிரி. கிளினிக்கில ஏலர்ஸ்-டான்லோஸ் (தோலும் மூட்டும் தளர்ந்திருக்கிற பரம்பரை நோய்) எண்டு சந்தேகம். தையல் போடுறவையிட்ட என்ன சொல்லவேணும்?

பதில் 1:
அக்கா, நோயின்ர பெயரைத் துண்டில எழுதிக் குடுங்கோ. தோலைத் தாங்குற கொலாஜன் எண்ட புரதம் பலமில்லாததால நூல் இறுகினால் தோல் கிழியும். உள்ளுக்கு ஒரு அடுக்கு, வெளியில ஒரு அடுக்கு, இழுக்காமல் போடவேணும். வெளித்தையலை வழமையைவிட இரண்டு மடங்கு நாள் விட்டுத்தான் வெட்டவேணும். பிளாஸ்டரை மெதுவா உரியுங்கோ, தோலும் சேர்ந்து வரும். விறைப்பு ஊசி சிலருக்குச் சரியாப் பிடிக்காது, அதையும் முதலே சொல்லுங்கோ.

பதில் 2:
பெய்டன் அளவு (மூட்டுகள் எவ்வளவு வளையுது எண்டு 9 புள்ளிக்குப் பார்க்கிறது) பார்த்தவையோ? பருவமடையாத பிள்ளைக்கு 9இல 6 வந்தால் மூட்டுத் தளர்வு கூட எண்டு எடுப்பினம். மற்றபடி வேடிக்கைக்கு வளைச்சுக் காட்டச் சொல்லி ஒருத்தரும் கேக்கக்கூடாது, மூட்டு விலகலாம். முதுகெலும்பு வளையுதோ எண்டும் பார்க்கவேணும், இதயத்துக்கு ஒரு எக்கோவும் (ஸ்கான்) எடுங்கோ. தாய்க்கோ தகப்பனுக்கோ இப்பிடித் தோல் இழுபட்டுத் தழும்பு மெலியிற கிளாசிக்கல் வகை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு. சைக்கிள் ஓடேக்க முழங்காலுக்கும் கெண்டைக்கால் முன்பக்கத்துக்கும் காப்பு கட்டிவிடுங்கோ.