கோலாலம்பூர் வெயிலுக்கு எந்த சன்ஸ்கிரீன்?

கேள்வி: அண்ணன்மார்கள், அக்காமார்கள் அனைவருக்கும் வணக்கம். வேலைக்காகத் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் புதிதாக வந்திருக்கிறேன். தங்குவது பிரிக்பீல்ட்ஸில். எல்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை தினமும் நடை. நெற்றியிலும் கன்னத்திலும் திட்டுத் திட்டாகக் கருமை படிகிறது. மருந்துக் கடையில் சன்ஸ்கிரீன் வரிசையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மாநிறத் தோலுக்கு எதை வாங்குவது?

பதில்: தம்பி, கிரீமுக்கு முன்னால் கடிகாரத்தைக் கவனியுங்கள். திருச்சியில் உச்சிவெயில் பகல் 12 மணியை ஒட்டி அடிக்கும். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 1:15 வாக்கில். தீபகற்ப மலேசியாவின் நேரத்தை 1982 தொடக்கத்தில் அரை மணி முன்னே தள்ளிவைத்தார்கள். ஆகவே நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இறங்கும் நேரமே மிகக் கடுமையான நேரம். மூன்று மணிக்கும் வெயில் தணிந்திருக்காது.

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. திருச்சியின் கத்திரி வெயில் 40 டிகிரியில் நம்மை வீட்டுக்குள் விரட்டிவிடும். இங்கே 32, 33 டிகிரிதான். மேகமும் அடிக்கடி மூடியிருக்கும். அதனால் உடம்பு எச்சரிக்கை அடைவதில்லை. மெல்லிய மேகம் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 3 டிகிரி வடக்கில் இருக்கும் ஊர் இது. மார்கழி வந்தாலும் வெயிலுக்கு ஓய்வு கிடையாது.

இனி டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் எஸ்.பி.எஃப். எண், தோலைச் சிவக்கவைத்து எரிக்கும் யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிருக்கான அளவு. 30 என்றால் ஏறக்குறைய 97 விழுக்காடு தடுக்கும். 50 என்றால் 98. அதற்கு மேல் எண் ஏறினாலும் பலன் கொஞ்சம்தான். நம் நிறத்துக்கு அந்த எண்ணை மட்டும் நம்புவது போதாது. நமக்குத் தோல் சிவந்து எரிவது குறைவு, கருமை படிவதுதான் அதிகம். அதில் பெரும்பங்கு யூ.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கு உண்டு. அது கண்ணாடி ஜன்னலையும் தாண்டி வரும். அதற்கான அடையாளம், ஜப்பானிய முறையில் பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கூட்டல் குறிகள். நான்கு இருந்தால் மிக நல்லது. ஐரோப்பியத் தயாரிப்புகளில் ஒரு வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்று அச்சிட்டிருப்பார்கள். எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யூ.வி.ஏ. பாதுகாப்பு அதில் உண்டு என்று பொருள்.

உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது: மாநிறத்திலும் கறுப்பிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் திட்டுகளை ஆழமாக்கும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. தோல் நிறச் சாயல் கொண்ட வகைகளில் இருக்கும் இரும்பு ஆக்சைடு தடுக்கும். மூலப்பொருள் பட்டியலில் ‘அயர்ன் ஆக்சைட்ஸ்’ அல்லது சி.ஐ. 77491, 77492, 77499 என்ற எண்களைத் தேடுங்கள். ஏற்கெனவே திட்டு விழுந்த முகத்துக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

பட்டியலில் வரும் மற்ற மூலப்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துத்தநாக ஆக்சைடு இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும், எளிதில் உறுத்தும் தோலுக்கும் ஏற்றது. ஆனால் நம் முகத்தில் சாம்பல் பூசியதுபோல் தெரியலாம். அவோபென்சோன் நல்ல யூ.வி.ஏ. தடுப்பான், ஆனால் வெயிலிலேயே சிதையும். அதோடு ஆக்டோகிரிலீன் இருந்தால் நிலைத்து நிற்கும். டினோசார்ப் எஸ் என்ற வணிகப் பெயருள்ள பெமோட்ரிசினால் வெயிலில் சிதையாது, இரு கதிர்களையும் தடுக்கும், வெள்ளையாகவும் படியாது. மலேசியாவில் விற்கும் ஜப்பானிய, கொரிய, ஐரோப்பிய வகைகள் பலவற்றில் இது உண்டு.

எதை வாங்கினாலும் அளவு குறைந்தால் பயனில்லை. சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்.பி.எஃப். எண்ணைக் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய கிரீம் தேவை. விலை உயர்ந்ததை வாங்கிச் சிக்கனமாகத் தொட்டுவைப்பதைவிட, தாராளமாகப் பூச முடிகிற விலையில் வாங்குங்கள்.

கேள்வி: மிக்க நன்றி அக்கா. வியர்வையோடு வழிந்து கண் எரிகிறது, என்ன செய்வது? அம்மா மஞ்சளும் எலுமிச்சையும் போதும் என்கிறார். இணையத்தில் மலிவாக வரும் கிரீமை நம்பலாமா?

பதில்: கண்ணைச் சுற்றி மட்டும் துத்தநாக ஆக்சைடு உள்ள குச்சி வகையைப் பயன்படுத்துங்கள், எரிச்சல் குறையும். நீரிலும் வியர்வையிலும் எளிதில் வழிந்துபோகாத ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ வகையாகப் பார்த்து வாங்குங்கள். மதியம் வெளியே இறங்கும் முன் வியர்வையை ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். வெளியிலேயே நிற்கும் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. பத்துமலைக்கோ, பினாங்கில் தண்ணீர்மலைக்கோ தைப்பூசத்துக்குப் போனால் கழுத்தின் பின்புறம், காது, பாதம் எல்லாவற்றுக்கும் பூசுங்கள். குடை பிடிக்க வெட்கப்படாதீர்கள். இங்கே மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சட்டைக்கு மேல் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கைக்கு அது நல்ல காப்பு.

மஞ்சளும் சந்தனமும் இந்த வெயிலைத் தடுக்கப் போதாது என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எலுமிச்சை அறவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, அந்த இடம் பல வாரம் கருத்துக் கிடக்கும்.

மலேசியாவில் முறையாக விற்கும் அழகுப் பொருள்களுக்குச் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் அறிவிப்பு எண் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் NOT என்று தொடங்கி K என்று முடியும். அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். முகத்தை வெளுக்கவைப்பதாகச் சொல்லி எண்ணில்லாமல் வரும் கிரீமைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் பாதரசமும், ஹைட்ரோகுவினோன் என்ற தோலை வெளுக்கவைக்கும் மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டு, அந்த நிறுவனம் மீண்டும் மீண்டும் எச்சரித்து வருகிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை, தம்பி. காக்க வேண்டியது அந்த நிறத்தைத் தாங்கும் தோலைத்தான். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் பூசியும் திட்டு குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது இப்போது பூசுகிற எல்லா டப்பாக்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.