கொடைக்கானல் ஏறுனா ஹெட்லைட்டுக்குள்ள வேர்த்துக் கொட்டுது, மஞ்சுல (மூடுபனியில) ரோடே தெரியல – யாராவது வழி சொல்லுங்க

பரவை லோடுக்காரன்:
வணக்கம்ணே எல்லாருக்கும். நமக்கு மதுரை பரவை மார்க்கெட்டு லோடு. சொந்த வண்டி, 2016 மாடல் பிக்கப். வாரத்துல மூணு நாள் சாயங்காலம் கிளம்பி வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் ஏறி, பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் கேரட்டு, உருளை, பூண்டு ஏத்திக்கிட்டு விடியிறதுக்குள்ள மார்க்கெட்டுல இறக்கணும். இந்த ரோட்டுல ஆறு வருசமா ஓடுறேன், புதுசு இல்ல.

போன வருசத்துல இருந்தே ஹெட்லைட்டு மங்கலா இருந்துச்சு. சிம்னி விளக்கு மாதிரி. டவுன்ல ஒரு கடையில கேட்டேன், "எல்இடி போடுங்க, பகல் மாதிரி இருக்கும்"னாங்க. ரெண்டு பல்பு 2,800 ரூவா. சமயநல்லூர் தாண்டி நாலுவழிச் சாலையில பாத்தா உண்மையிலேயே பகல்தான். சந்தோசமாத்தான் இருந்துச்சு.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் வினை வந்துருச்சு. பெருமாள்மலை தாண்டி மஞ்சு இறங்குனா முன்னாடி வெள்ள வேட்டியக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி நிக்குது. வெள்ளக்கோடு தெரியல, ஓரத்துச் சுவர் தெரியல. போதாததுக்கு லைட்டுக் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. எதுக்க வர்ற பஸ்காரவுங்க எல்லாம் டிம் பிரைட் அடிச்சு, தலைய வெளிய நீட்டி நல்லா வாழ்த்திட்டுப் போறாங்க. நான் டிம்லதாண்ணே வர்றேன்.

அடுத்த மாசம் எஃப்.சி. (வண்டி தகுதிச் சான்று) வேற இருக்கு. மஞ்ச கலர் எல்இடி போட்டா சரியாகுமா? இல்ல, கேபின் மேல ஒரு பார் லைட்டு போட்ரலாமா?

டம்டம்பாறை:
பார் லைட்டு போடுங்க தம்பி, மஞ்சுக்கு மேல வெளிச்சம் அடிச்சா மேகத்துல சினிமா பாக்கலாம். விளையாட்டு இல்ல. மேல இருந்து அடிக்கிற வெளிச்சம் மஞ்சுல பட்டு நேரா உங்க கண்ணுக்குத்தான் திரும்பி வரும். அதுபோக மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 111ஆவது விதி, ஸ்பாட் லைட்டு, சர்ச் லைட்டு எதுவும் வண்டி முன்னாடி மாட்டக் கூடாதுன்னு இருக்கு. பதிவு செய்யிற அதிகாரி தனியா அனுமதி குடுத்தாத்தான் உண்டு. எஃப்.சி.க்குப் போற வண்டியில அத மாட்டிக்கிட்டுப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் கையோட கழட்டச் சொல்லுவாரு.

வயரிங் பாண்டி:
தம்பி, எதையும் வாங்காதீங்க. முதல்ல மூணு கேள்விக்குப் பதில் சொல்லுங்க.

லைட்டுக்குப் பின்னாடி கருப்பா ஒரு ரப்பர் மூடி இருந்திருக்கும், அது இப்ப இருக்கா? பழைய ஹாலஜன் பல்பு வச்சிருக்கீங்களா, தூக்கிப் போட்டீங்களா? லைட்டு மங்குதுன்னு சொன்னப்ப யாராவது வோல்ட் மீட்டர் வச்சுப் பாத்தாங்களா?

பரவை லோடுக்காரன்:
ரப்பர் மூடி இருக்குண்ணே, டேஷ் போர்டு டப்பாவுக்குள்ள. எல்இடிக்குப் பின்னாடி சின்ன ஃபேன் இருக்கு, மூடி போட்டா உக்கார மாட்டேங்குதுன்னு கடைக்காரரு கழட்டிக் கையில குடுத்துட்டாரு. ஒரு பக்கத்து மூடிய பிளேடால அறுத்துப் பாத்திருக்காரு, அதுவும் சேரல. பழைய பல்பு ரெண்டும் பத்திரமா இருக்கு. மீட்டர் எல்லாம் யாரும் வைக்கல.

வயரிங் பாண்டி:
நெனச்சேன். வேர்க்குறதுக்குக் காரணம் அந்த மூடிதான். கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுமையாப் படிங்க.

ஹெட்லைட்டு டப்பா மூச்சு விடும். உள்ள காத்து சூடானா விரிஞ்சு வெளிய போகும், ஆறுனா சுருங்கி வெளிக் காத்த இழுக்கும். அதுக்குன்னே பின்னாடி சின்ன மூச்சுக் குழாய் வச்சிருப்பாங்க, தண்ணியும் தூசியும் நேரா வராத மாதிரி வளைஞ்சு இருக்கும். பல்பு மாட்டுற பெரிய ஓட்டைய ரப்பர் மூடி அடைச்சிரும். உங்க வண்டியில அந்த ஓட்ட ஆ-ன்னு தொறந்து கெடக்கு.

இப்ப உங்க ரூட்டப் பாருங்க. மதுரை கடல் மட்டத்துல இருந்து 100 மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல. மேல போகப் போக காத்தழுத்தம் அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சிரும். ஏறும்போது லைட்டு காத்த வெளிய விடும், இறங்கும்போது இழுக்கும். பூம்பாறையில வண்டிய ஆஃப் பண்ணி மூட்டை ஏத்துறீங்களே, அப்பத்தான் மோசம். சூடா இருந்த லைட்டு அந்தக் குளிர்ல ஆறும், ஆறும்போது ஈரக்காத்த உள்ள இழுத்துக்கும். திரும்ப வரும்போது குளிர்ந்த கண்ணாடியில அந்த ஈரம் படியும். ஐஸ் தண்ணி வச்ச சொம்புக்கு வெளிய வேர்க்குற அதே கதை, இங்க உள்ள நடக்குது.

ஹாலஜன் பல்பு இருந்தா இது ஓரளவு தானாவே காஞ்சிரும். 55 வாட்டுல பெரும்பகுதி சூடாத்தான் போகும், அந்தச் சூடு முன்னாடி கண்ணாடிய வெதுவெதுப்பா வச்சிருக்கும். எல்இடி அப்படி இல்ல. சூட்டப் பின்னாடி ஃபேன் வழியாத் தள்ளிரும், முன் கண்ணாடி சில்லுன்னே இருக்கும். ஈரம் போகாம அப்படியே தங்கிரும்.

சூரிச்ல ஒரு சோழவந்தான்காரன்:
பாண்டியண்ணே சொல்றது நூத்துக்கு நூறு. நான் இங்க சுவிட்சர்லாந்துல இருக்கேன். பனி கொட்டும்போது எல்இடி ஹெட்லைட்டு மேல பனி அப்பிக்கிட்டு உருகவே உருகாது, நடுவழியில நிறுத்திக் கையால தொடைச்சு விடணும். பழைய ஹாலஜன் வண்டியில அந்தத் தொல்ல கம்மி. அதுபோக, அழுக்குப் படிஞ்சா வெளிச்சம் சிதறி எதுக்க வர்றவன் கண்ணு கூசும்னு, 2,000 லூமனுக்கு (வெளிச்ச அளவு) மேல போற டிம் லைட்டுக்கு, கண்ணாடி கழுவுற தண்ணி பீச்சி கட்டாயம்னு ஐரோப்பிய விதியே வச்சாங்க.

ரூலு வேற இங்க கறார். பகல்லயும் லைட்டு போட்டுத்தான் ஓட்டணும், 2014ல இருந்து. பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட்ட, பார்வை ரொம்பக் கொறைஞ்சாத்தான் போடலாம். தெளிஞ்ச பிறகும் எரியவிட்டா, பின்னால வர்றவன் கண்ணு கூசுதுன்னு அதுக்கும் அபராதம். ஆல்ப்ஸ்ல ஓட்டி நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான்: மஞ்சுல யாரும் பிரைட்டு போட மாட்டாங்க.

திருமங்கலம் டீச்சர்:
மஞ்சள் எல்இடி கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் இயற்பியல் எடுப்பவள், வண்டி மெக்கானிசம் தெரியாது. அந்த ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

வானம் நீலமாகத் தெரிவதற்குச் சொல்கிற காரணத்தையே மஞ்சுக்கும் சொல்லி, "மஞ்சள் சிதறாது, மஞ்சைத் துளைத்துப் போகும்" என்கிறார்கள். அது காற்று மூலக்கூறு மாதிரி மிகச் சிறிய பொருளுக்குத்தான் பொருந்தும். மூடுபனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதன்மேல் நீலம் பட்டாலும் மஞ்சள் பட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கண்ணுக்குக் கூச்சம் குறைவு என்று பலருக்குத் தோன்றும், அது உண்மைதான். பிரான்சில் 1993 வரை எல்லா வண்டிக்கும் மஞ்சள் ஹெட்லைட் சட்டமாகவே இருந்தது, பிறகு அவர்களே விட்டுவிட்டார்கள்.

உங்களுக்கு வெள்ளை வேட்டி தெரிவதற்குக் காரணம் நிறத்தைவிட உயரம். கண்ணுக்கு நேர் முன்னால் இருக்கிற மஞ்சில் வெளிச்சம் பட்டால் வேட்டிதான் தெரியும். ஃபாக் லைட்டைப் பம்பருக்குக் கீழே தாழ்வாக, அகலமாக, மேல்பக்கம் வெட்டின மாதிரி வைப்பது அதற்காகத்தான்.

வயரிங் பாண்டி:
டீச்சர் சொன்ன அந்த "மேல்பக்கம் வெட்டுறது"லதான் இருக்கு விசயம். தம்பி, உங்க பழைய பல்ப எடுத்துப் பாருங்க. உள்ள ரெண்டு இழை இருக்கும். முன்னால இருக்குற டிம் இழைக்கு அடியில சின்னதா கரண்டி மாதிரி ஒரு தகடு. அதுதான் வெளிச்சத்த மேல போக விடாம மறைக்கிது. அந்த இழை எந்த எடத்துல இருக்குமோ அத மில்லிமீட்டர் கணக்குல வச்சுத்தான் உள்ள இருக்குற கண்ணாடிக் குழிவ வடிச்சிருப்பான். எல்இடியில அந்த எடத்துல பட்டையா சிப்பு இருக்கு, அளவும் வேற, எடமும் வேற. வெளிச்சம் வெட்டு இல்லாம எங்கிட்டும் சிதறும். நீங்க டிம்லதான் போறீங்க, ஆனா எதுக்க வர்றவனுக்கு அது பிரைட்டு. பஸ்காரவுங்க வாழ்த்துறது நியாயந்தான்.

அதோட, உங்க லைட்டு ஹாலஜன் பல்புக்குன்னு சோதிச்சுப் பாஸ் பண்ண லைட்டு. அதுல எல்இடி திணிச்சா எஃப்.சி.ல கேள்வி வரும்.

பழைய பல்ப மாட்டுங்க. எஞ்சின ஓட விட்டு, டிம் எரியும்போது மீட்டர் வைங்க. பேட்டரியில எவ்வளவு, பல்பு கப்ளர்ல (பல்ப சொருகுற பிளக்குல) எவ்வளவு, எனக்கு ரெண்டும் வேணும். எரிய விட்டுத்தான் பாக்கணும், கழட்டி வச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் காட்டும்.

டம்டம்பாறை:
அப்படியே 100/90 வாட்டு பல்பு போடலாமான்னு கேட்டுராதீங்க. என் மச்சான் போட்டு, ஹோல்டர் உருகி, மலைப்பாதையில ஊத்துங்கிற ஊருப் பக்கம் ரெண்டு லைட்டும் ஒண்ணா அணைஞ்சு, செல்போன் டார்ச்ச வெளிய நீட்டிக்கிட்டு வண்டிய ஓரங்கட்டுனோம். பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55, அந்த 60/55தான் சட்டம்.

பரவை லோடுக்காரன்:
இன்னைக்கு லோடு இல்ல, உக்காந்து பாத்துட்டேன். பேட்டரியில 14.1 வோல்ட். பல்பு கப்ளர்ல வலது 11.6, இடது 11.4. இது நல்லதா கெட்டதாண்ணே?

வயரிங் பாண்டி:
கெட்டது. ரெண்டரை வோல்ட்டு வழியிலயே காணாமப் போகுது. அரை வோல்ட்டு போனாலே நான் சந்தேகப்படுவேன்.

ஹாலஜன்ல வோல்ட்டு கொஞ்சம் கொறைஞ்சா வெளிச்சம் ரொம்பக் கொறையும். 13.2 வோல்ட்டுல குடுக்க வேண்டிய வெளிச்சத்துல 11.6ல மூணுல ரெண்டு பங்குதான் கெடைக்கும். உங்க சிம்னி விளக்குக்கு அதுதான் காரணம், பல்பு இல்ல. அன்னைக்கே மீட்டர் வச்சிருந்தா 2,800 மிச்சம்.

இப்ப மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ்ல, இன்னொன்ன கப்ளரோட எர்த்து பின்ல வைங்க. லைட்டு எரியணும். என்ன காட்டுது?

பரவை லோடுக்காரன்:
1.3 வோல்ட். எர்த்து வயரு ரேடியேட்டர் பக்கத்துல பாடியில ஒரு போல்ட்டுல மாட்டியிருக்கு. போல்ட்டச் சுத்தி பச்சையும் வெள்ளையுமா பூத்துப் போயி, தொட்டா உதிருது.

வயரிங் பாண்டி:
பாதி வியாதி அந்த போல்ட்டுதான். கழட்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளன்னு தெரியிற வரைக்கும் தேச்சு, புது வளையம் போட்டு இறுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. மீதிப் பாதி, கரண்டு ஸ்விட்சு வழியாச் சுத்தி வர்றதுல போகுது. அதுக்கு ரிலே (சின்னக் கரண்டு தூண்டுனா பெரிய கரண்ட விடுற ஸ்விட்சு) கிட்டு: பேட்டரியில இருந்து ஃப்யூஸ் வச்சு தடி வயரு நேரா பல்புக்கு, ஸ்விட்சு ரிலேய மட்டும் தூண்டும். நல்ல எலக்ட்ரீசியனா பாத்து மாட்டுங்க. ஃப்யூஸ பேட்டரிக்குப் பக்கத்துலயே வைக்கச் சொல்லுங்க, தள்ளி வச்சா வயரு உரசித் தீப்பிடிக்கும்.

அறுந்த ரப்பர் மூடிக்கு டேப்பு ஒட்டாதீங்க, புதுசு வாங்குங்க.

கடைசியா செவுத்துல வெளிச்சம் அடிச்சுப் பாக்கணும். சம தரையில செவுத்துல இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. லைட்டு நடு தரையில இருந்து 78 செ.மீ. உயரம்னா, செவுத்துல 66ல கோடு போட்டு, டிம் வெளிச்சத்தோட மேல்வெட்டு அதுல உக்காரணும். நம்ம ஊருக்கு இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும், ரோட்டு ஓரம் தெரியிறதுக்கு. வலது பக்கம் ஏறுச்சுன்னா அது வெளிநாட்டு லைட்டு, எதுக்க வர்றவனக் குருடாக்கும்.

இத காலி வண்டியில வைங்க. லோடு ஏத்துனா பின்னாடி அமுங்கி மூஞ்சி நிமிரும். ஒரு டிகிரி நிமிர்ந்தாலே 50 மீட்டர்ல வெளிச்சம் கிட்டத்தட்ட 90 செ.மீ. மேல போயிரும். ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு திருகு இருக்கா?

பரவை லோடுக்காரன்:
இருக்குண்ணே. ஆறு வருசமா அது ஏசிக்குன்னு நெனச்சேன். வண்டியிலதான் ஏசியே இல்லையேன்னு கூடத் தோணல.

டம்டம்பாறை:
😂 லோடோட இறங்கும்போது 3ல வைங்க தம்பி, ஏறும்போது 0. அப்படியே ஒண்ணு, குறுகலான எடத்துல ஏறுற வண்டிக்குத்தான் வழி. இறங்குற நீங்க ஒதுங்கணும். மஞ்சுல அபாய விளக்கு ரெண்டையும் போட்டுக்கிட்டே ஓட்டாதீங்க, நீங்க எங்கிட்டுத் திரும்புறீங்கன்னு பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது. அது நின்ன வண்டிக்கு.

பரவை லோடுக்காரன்:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. எர்த்து தேச்சாச்சு, ரிலே போட்டாச்சு. இப்ப கப்ளர்ல 13.5. ரப்பர் மூடி ரெண்டும் சேத்து 180 ரூவா. நேத்து ராத்திரி பெருமாள்மலையில நல்ல மஞ்சு, இருபதுலயே ஓட்டுனேன், ஆனா ஓரத்து வெள்ளக்கோடு வளைவு வளைவா முன்னாடி ஓடுறது தெரிஞ்சுச்சு. ஒரு பஸ்ஸும் டிம் பிரைட் அடிக்கல. எஃப்.சி.யும் முடிஞ்சுருச்சு. பின்னாடி சிவப்பு ஒளிர்பட்டை உரிஞ்சிருக்குன்னு மட்டும் மாத்தச் சொன்னாங்க, மாத்திட்டேன்.

ஒரே ஒரு குறை. வலது லைட்டு எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. இடது லைட்டுல மட்டும் கீழ் மூலையில இன்னும் லேசா ஆவி நிக்குது. மூடி சரியாத்தான் உக்காந்திருக்கு.

வயரிங் பாண்டி:
மூச்சுக் குழாய் அடைச்சிருக்கும். லைட்டுக்குப் பின்னாடி கீழ்ப்பக்கம் சுண்டுவிரல் தண்டி வளைஞ்ச ரப்பர் குழாய் தெரியுதா? கழட்டி ஊதிப் பாருங்க. கம்பிய விட்டுக் குத்தாதீங்க.

பரவை லோடுக்காரன்:
அண்ணே, உள்ள குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டியிருக்கு. தண்ணியில ஊறப் போட்டிருக்கேன்.